துறைமுகமும் ஒலிபரப்புக் கோபுரமும்: அயல்நாட்டு ஊடகங்களும் பிறநாட்டுத் தேர்தல்களும் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

ஒரு நாட்டின் தேர்தலில் பிறிதொரு நாட்டின் ஊடகங்கள் செல்வாக்குச் செலுத்த முற்படலாமா என்னும் வினா, பெரும்பாலும் ஓர் ஒழுக்கவியல் வினாவாகவே நம்மிடையே எழுப்பப்படுகிறது. “கூடும்” என்போர் கருத்துச் சுதந்திரத்தைத் துணைக்கழைப்பர். “கூடாது” என்போர் தேசிய இறைமையைச் சுட்டுவர். இரு சாராரும் ஊடகம் என்பது ஆகாயத்தில் மிதக்கும் ஒரு குரல் என்றே கருதுவதாகத் தோன்றுகிறது. ஆனால் குரலுக்கும் நிலம் வேண்டும். கோபுரம் நாட்ட ஓரிடம், மின்விசை, குத்தகைப் பத்திரம், அதிற் கையெழுத்திடும் அமைச்சர் ஆகிய யாவும் வேண்டும். இந்தப் பௌதிக அடிப்படையை மறந்து நிகழ்த்தப்படும் விவாதம் அரைகுறையாகவே முடியும். இதனை விளங்கிக்கொள்வதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் தென்னாசியாவில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

1987 ஜூலை 29ஆந் திகதி கொழும்பில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையை யாவரும் அறிவர். அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களை வாசித்தோர் அத்துணைப் பலரல்லர். அக்கடிதங்களில் திருகோணமலையும் இலங்கையின் ஏனைய துறைமுகங்களும் இந்தியாவின் நலனுக்குப் பாதகமான வகையில் எந்நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டுக்கு விடப்படமாட்டா என்பது ஓர் அம்சம். திருகோணமலையின் எண்ணெய்த் தாங்கிகளைப் புனரமைத்து இயக்குவதை இரு நாடுகளும் கூட்டு முயற்சியாக மேற்கொள்ளும் என்பது மற்றோர் அம்சம். இவ்விரண்டையும் அடுத்து, அயல்நாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடன் இலங்கை செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மீளாய்வு செய்யப்படும் என்றும், அந்நிறுவனங்களின் வசதிகள் பொது ஒலிபரப்புக்கு மாத்திரமே பயன்படும் என்றும், இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படா என்றும் கூறப்பட்டது. துறைமுகம், எண்ணெய், ஒலிபரப்பு ஆகிய மூன்றும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை தற்செயலன்று. அரசுகளின் கண்ணில் இம்மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்த பொருள்கள். வானொலியைக் கருத்துச் சுதந்திரத்தின் பாற்பட்டதாக நாம் பேசிக்கொண்டிருக்க, அரசுகள் அதனை நங்கூரமிடும் உரிமையோடு சேர்த்தே எண்ணி வந்துள்ளன.

இங்கு மனங்கொள்ளத்தக்க மற்றொன்றும் உண்டு. கோபுரத்திலிருந்து எழும் ஒலி நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செல்கிறதா, உளவாளிக்குச் செல்கிறதா என்பதே அக்கடிதத்தின் கவலை. அது ஒரு வாக்காளனின் காதுக்குச் சென்றால் என்ன விளையும் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. “பொது ஒலிபரப்பு” என்ற சொல்லோடு இரு தலைவர்களும் மனநிறைவு கொண்டனர். பொது ஒலிபரப்பு என்பது எவருடைய பொது, எவரைப் பற்றிய ஒலிபரப்பு என்று எவரும் வினவவில்லை.

வரலாற்று நோக்கில் இக்கோபுரங்களின் கதை இரண்டாம் உலகப் போரோடு தொடங்குகிறது. தென்கிழக்காசியத் தலைமைப்பீடம் கண்டியில் அமர்ந்திருந்த காலத்தில் பிரித்தானியப் படையினருக்கென நிறுவப்பட்ட ‘சீயாக்’ வானொலி கொழும்பிலிருந்து பேசியது. அதே காலத்தில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் தங்கியிருந்தது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கின. போர் முடிந்த பின்னர் அவ்வானொலியின் வலுமிக்க சாதனங்கள் இலங்கை வானொலிக்குக் கைமாறின. இந்தியாவெங்கும் கேட்கப்பட்ட இலங்கை வானொலியின் பெருமைக்கு ஏகாதிபத்தியப் போர் விட்டுச்சென்ற இயந்திரங்கள் ஒரு காரணம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1951இல் இலங்கை அரசு ‘அமெரிக்காவின் குரல்’ நிறுவனத்துக்கு இலங்கை வானொலியின் ஊடாக ஒலிபரப்பு நேரம் அளிக்க இணங்கி, அதற்கு ஈடாக அமெரிக்க ஒலிபரப்புக் கருவிகளைப் பெற்றது. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரித்தானியத் தளங்களை அகற்றுவோம் என்று வாக்குறுதியளித்து வென்ற பண்டாரநாயக்கா, 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைத் திரும்பப் பெற்றார். தளம் போயிற்று, அயலார் குரலுக்கு நிலம் அளிக்கும் வழக்கம் போகவில்லை. கொடியிறக்கும் வைபவத்துக்குத் திரள்வோர் ஒலிபரப்பு ஒப்பந்தத்தை வாசிக்கத் திரள்வதில்லை என்பதே இதற்குக் காரணம் போலும்.

1980களில் நிலைமை முற்றிலும் வேறாயிற்று. 1983 ஆகஸ்டில் ‘அமெரிக்காவின் குரல்’ நிலையத்தை விரிவுபடுத்தும் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதே தசாப்தத்தில் டொய்ச்சே வெல்லே எனும் ஜெர்மனிய வானொலியின் அஞ்சல் நிலையம் திருகோணமலையிலிருந்து சிற்றலையிலும் மத்திய அலையிலும் ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவுக்கு இவை அச்சமூட்டியமையும், அவ்வச்சமே 1987ஆம் ஆண்டுக் கடிதத்தில் இடம்பெற்றமையும் பலரும் எழுதியுள்ள செய்திகள். நமது முற்போக்காளர்களும் இவற்றை ஏகாதிபத்தியத்தின் கொடுக்குகள் எனக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை இருந்தது. ஆயின் அவர்கள் கேட்கத் தவறிய ஒரு கேள்வியும் இருந்தது: இவ்வொப்பந்தங்களைச் செய்த அரசு எத்தகைய தேர்தலினால் ஆட்சியிலிருந்தது?

1977இல் தெரிவுசெய்யப்பட்ட பாராளுமன்றத்தின் ஆயுட்காலம் பொதுத் தேர்தல் இன்றியே 1982 டிசம்பர் 22ஆந் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பின் மூலம் மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. குத்துவிளக்குக்கும் குடத்துக்குமிடையே மக்கள் தெரிவுசெய்ய வேண்டியதாயிற்று. அவசரகாலச் சட்டம் நடைமுறையிலிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ பத்திரிகையின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. அந்த வாக்கெடுப்பு நடந்து ஏழு மாதங்களில் ஜூலைப் படுகொலைகள் நிகழ்ந்தன. அடுத்த மாதமே ஒலிபரப்பு ஒப்பந்தம் செய்யப்பட்டது. தன் மக்களின் பத்திரிகையைப் பூட்டித் தேர்தலைத் தவிர்த்த அரசுதான் பிறநாட்டார் குரலுக்கு ஏக்கர்க் கணக்கில் நிலம் அளித்தது. அயல் ஊடகத்தின் ஊடுருவலும் உள்நாட்டு ஊடகத்தின் ஒடுக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று கொள்வது வழக்கம். இங்கு அவை ஒரே கையினால், ஏறத்தாழ ஒரே பேனாவினால் நிகழ்ந்தன.

இதனை ஐக்கிய தேசியக் கட்சியின் தனிக்குணம் என்று கூறித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 1976 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு, செய்தித்துறையிலே மேற்குலக முகவர் நிறுவனங்களின் ஆதிக்கத்தை முறியடிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுவூட்டியது. அணிசேரா நாடுகளின் செய்திக் கூட்டமைப்பு உருவானது அக்காலத்திலேயே. யுனெஸ்கோவின் மக்பிறைட் ஆணைக்குழு 1980இல் வெளியிட்ட அறிக்கை இச்சிந்தனையின் பெறுபேறு. செய்தி ஒருதிசைப்பட்டே பாய்கிறது, வறிய நாடுகள் தம்மைப் பற்றிய செய்தியையும் செல்வந்த நாடுகளிடமிருந்தே பெறுகின்றன என்னும் அதன் கணிப்பு இன்றும் பொய்யாகவில்லை. ஆனால் கொழும்பில் அந்த மாநாட்டை நடாத்திய அரசு 1973இல் லேக் ஹவுஸ் நிறுவனத்தைச் சட்டத்தின் மூலம் தன்வயப்படுத்தியிருந்தது. 1974இல் ‘தவச’ நிறுவனம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் மூடப்பட்டது; அதனோடு தமிழில் ‘தினபதி’யும் ‘சிந்தாமணி’யும் நின்றுபோயின. 1970இல் தெரிவான அந்தப் பாராளுமன்றமும் 1972ஆம் ஆண்டு யாப்பின் துணைகொண்டு 1977வரை நீண்டது. புதிய உலகச் செய்தி ஒழுங்கைக் கோரியோர் தமது நாட்டில் எத்தகைய செய்தி ஒழுங்கை வைத்திருந்தனர் என்பதை நாம் அன்று போதிய அளவு விமர்சிக்கவில்லை. அணிசேராக் கொள்கையின் கவர்ச்சியில் அது மறைந்துபோயிற்று. மொஸ்கோ வானொலியும் 1963இல் தொடங்கிய பீக்கிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் நம்மவரால் ஆர்வத்தோடு கேட்கப்பட்டன. அவற்றை எவரும் தலையீடு என்று கூறியதாக நினைவில்லை. நமக்கு உவப்பான அயற்குரல் சர்வதேசியம், உவப்பற்ற அயற்குரல் ஏகாதிபத்தியம் என்ற கணக்கு விமர்சனத்தின் பாற்பட்டதன்று; விசுவாசத்தின் பாற்பட்டது.

அப்படியாயின் அயல் ஊடகம் தேர்தலில் தலையிடுவதை எவ்வாறு மதிப்பிடுவது? உலக வரலாற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் கருவி ஒன்றே: கடிதம்.

1948 ஏப்ரல் 18ஆந் திகதி நடைபெற்ற இத்தாலியத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் ஒரே முன்னணியாகப் போட்டியிட்டனர். அவர்கள் வெல்லக்கூடாதென அமெரிக்கா கருதியது. இத்தாலிய வம்சாவழி அமெரிக்கர்கள் தம் உறவினருக்குக் கடிதம் எழுதுமாறு தூண்டப்பட்டனர். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் கடல் கடந்தன. ‘அமெரிக்காவின் குரல்’ தன் ஒலிபரப்பை முடுக்கிவிட்டது. திரை நட்சத்திரங்கள் பேசினர். இவற்றின் பின்னால் மத்திய புலனாய்வு முகவரகத்தின் இரகசியப் பணம் இருந்தது. அதற்கும் மேலாக, முன்னணி வென்றால் உதவி நிறுத்தப்படும் என்று இராஜாங்கச் செயலாளர் மார்ஷல் வெளிப்படையாகவே எச்சரித்திருந்தார். போரினால் நலிந்து, கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த ஒரு குடும்பத்துக்கு அமெரிக்காவிலிருந்து மாமன் எழுதும் கடிதம் வெறுங் கடிதமன்று. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி பெருவெற்றி ஈட்டியது.

2004 அக்டோபரில் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஒஹையோ மாநிலத்துக் கிளார்க் மாவட்டத்தின் வாக்காளருக்குக் கடிதம் எழுதுமாறு தன் வாசகரைத் தூண்டியது. நான்காண்டுகளுக்கு முன் அல் கோர் அம்மாவட்டத்தை 324 வாக்குகளால் மட்டுமே வென்றிருந்தார். கட்சி சாராத வாக்காளரின் முகவரிகள் வாசகருக்கு வழங்கப்பட்டன. புகழ்பெற்ற எழுத்தாளர்களும் அறிவியலாளர்களும் எழுதினர். புஷ்ஷுக்கு எதிராக அங்குள்ளோரை அசைத்துவிடலாம் என்பது எண்ணம். விளைவு மறுதலையாயிற்று. அமெரிக்கரின் சினமிகுந்த பதில்கள் அப்பத்திரிகையில் நிரம்பின. கிளார்க் மாவட்டம் புஷ்ஷின் பக்கம் சாய்ந்தது. கடிதங்களே அதற்குக் காரணம் என்று துணிந்து கூறவியலாது. ஆயினும் அவை பயன்படவில்லை என்பது வெளிப்படை.

ஒரே கருவி ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்றதேன்? 1948இல் கடிதத்தின் பின்னால் அரசும் உணவும் கடனும் நின்றன. 2004இல் கடிதத்தின் பின்னால் நின்றது படித்தவரின் மேன்மையுணர்வு மட்டுமே. ஊடகத்தின் செல்வாக்கு எனப்படுவது ஊடகத்துக்குச் சொந்தமானதன்று. அதனைத் தாங்கிநிற்கும் அதிகாரத்துக்கே சொந்தமானது. கார்டியனின் செயல் நாகரிகமற்றது, அசட்டுத்தனமானது, ஆனால் ஒளிவுமறைவற்றது, ஏறத்தாழத் தீங்கற்றதும்கூட. கிளார்க் மாவட்டத்து வாக்காளன் கடிதத்தைக் கிழித்தெறியலாம், மறுமொழி எழுதலாம், அந்த மறுமொழி அச்சேறவும் செய்யும். நேப்பிள்ஸ் நகரத்து வாக்காளன் கோதுமைக் கப்பலுக்கு மறுமொழி எழுதவியலாது.

சிலி நாட்டின் அனுபவம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அமெரிக்க மேற்சபையின் சேர்ச் குழு 1975இல் வெளிப்படுத்தியவாறு, அயெந்தேக்கு எதிராக இயங்கிய ‘எல் மெர்க்குரியோ’ பத்திரிகைக்கு 1971, 1972ஆம் ஆண்டுகளில் பதினைந்து இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகை இரகசியமாக வழங்கப்பட்டது. சந்தியாகோவிலே அச்சிடப்பட்டு, அந்நாட்டு மொழியிலே அந்நாட்டு முதலாளிகளால் நடாத்தப்பட்ட பத்திரிகை அது. சட்டத்தின் கண்ணில் முற்றமுழுதான உள்நாட்டு ஊடகம். உள்நாடு, அயல்நாடு என்ற எல்லைக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இப்பிரச்சினையை அளக்க முற்படுவோருக்கு எல் மெர்க்குரியோ எப்பக்கத்தில் விழும்? இலங்கையில் 2023ஆம் ஆண்டுத் தேர்தற் செலவின ஒழுங்குமுறைச் சட்டம் வேட்பாளருக்கு வெளிநாட்டு நிதி செல்வதைத் தடைசெய்கிறது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஊடக நிறுவனம் ஒன்றுக்கு வரும் விளம்பரத்துக்கும் கடனுக்கும் அத்தகைய வெளிச்சம் இன்னும் போதிய அளவு பாய்ச்சப்படவில்லை.

இனித் திருகோணமலைக்குத் திரும்புவோம். இம்மாவட்டத்தில் தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ அறுதிப் பெரும்பான்மையினரல்லர். பாராளுமன்றத்துக்கு நான்கே ஆசனங்கள். சிறு எண்ணிக்கையிலான வாக்குகளும் முடிவை மாற்றவல்லன. இத்தகைய இடத்தில் செய்தியின் சாய்வு, பேரினப் பெரும்பான்மை உறுதியாகவுள்ள மாவட்டங்களைவிடப் பன்மடங்கு விளைவை உண்டாக்கும். 2005 மே மாதத்தில் நகரின் பேருந்து நிலையத்தருகே புத்தர் சிலை நிறுவப்பட்டபோது, சிங்களப் பத்திரிகைகளிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வெளிவந்தவற்றை ஒப்பிட்டு நோக்குவோர்க்கு ஒரே நகரில் இரு வேறு நிகழ்ச்சிகள் நடந்ததாகவே தோன்றும். இரண்டும் உள்நாட்டு ஊடகங்களே. கொழும்பிலிருந்து வெளிவரும் பத்திரிகைக்குக் கோணேசர் கோயிற் குன்றும் உட்துறைமுகமும் எத்துணை அந்நியமானவை என்பதை இம்மாவட்டத்தார் அறிவர். குடியுரிமை ஒன்றானதால் மட்டும் ஊடகம் உள்ளூர்த்தன்மை பெற்றுவிடாது.

இப்பின்னணியிலேதான் அயல்நாட்டு வானொலிகளின் தமிழ் ஒலிபரப்புக்கு வடகிழக்கு மக்களிடையே இருந்த மதிப்பை விளங்கிக்கொள்ள வேண்டும். பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் போர்க்காலத்தில் வீடுதோறும் கேட்கப்பட்டமைக்கு மேலைநாட்டு மோகம் காரணமன்று. மின்சாரம் அற்ற ஊர்களில் துவிச்சக்கரவண்டியின் ‘டைனமோ’வைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் கேட்க விரும்பியது தம் பக்கத்து ஊரில் என்ன நடந்தது என்பதையே. அதனை அரச வானொலி சொல்லவில்லை. சொல்லியது நம்பும்படியாக இருக்கவில்லை. பக்கத்து ஊர்ச் செய்தி லண்டன் சென்று திரும்பி வரவேண்டியிருந்தமை அயல் ஊடகத்தின் வெற்றி என்பதைவிட உள்நாட்டு அரச ஊடகத்தின் தோல்வி என்பதே பொருந்தும். 2009 பெப்ரவரியிலும் மீண்டும் 2013 மார்ச்சிலும் தன் ஒலிபரப்பில் குறுக்கீடு நிகழ்வதாகக் கூறிப் பி.பி.சி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வழியான தன் அஞ்சல் சேவையை இடைநிறுத்தியது.

இவ்விடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் இவ்வாய்வு முழுமை பெறாது. மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.யின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் உள்நாட்டுப் பத்திரிகைகளுக்கும் செய்தி அளித்தவர். 2000 அக்டோபர் 10ஆந் திகதி பொதுத் தேர்தல் நடைபெற்றது. தீவகத்திலும் குடாநாட்டிலும் நடந்த வாக்கு மோசடிகள், வன்முறைகள் பற்றி அவர் செய்தி அனுப்பினார். ஒன்பது நாள் கழித்து, ஊரடங்கு நடைமுறையிலிருந்த இரவிலே, பாதுகாப்பு மிகுந்த பகுதியிலிருந்த அவரது வீட்டில் அவர் கொல்லப்பட்டார். இலங்கையில் இதற்கென எவரும் தண்டனை பெறவில்லை.

நிமலராஜன் செய்தது தலையீடா? லண்டனிலுள்ள ஒரு நிறுவனம் இலங்கைத் தேர்தலொன்றைப் பற்றி இலங்கை வாக்காளரின் மொழியில் அவர்களுக்கே ஒலிபரப்பியது. அது வாக்களிப்பின் மீதான நம்பிக்கையைப் பாதித்தது என்பதில் ஐயமில்லை, பாதிக்கத்தான் வேண்டும். வாக்குகள் களவாடப்படுகின்றன என்ற செய்தி, களவாடியவருக்குத் தலையீடாகவும் வாக்காளருக்குத் தன் வாக்கின் கணக்காகவும் தோன்றும். அயல் ஊடகத்தின் செல்வாக்கு என்ற பொதுத் தலைப்பின் கீழ் ‘அமெரிக்காவின் குர’லின் இத்தாலிய ஒலிபரப்பையும் நிமலராஜனின் தொலைபேசிச் செய்தியையும் ஒன்றாக வைத்துத் தீர்ப்புக் கூறுவோர் சொற்களின் ஒற்றுமையால் மயங்கியோராவர். முன்னையது மக்கள் எவரைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று கூறியது. பின்னையது, மக்கள் உண்மையில் தெரிவுசெய்தார்களா என்று கேட்டது.

திருகோணமலையில் 2006 ஜனவரி 2ஆந் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்ற அதிகாரபூர்வக் கூற்றை, அவர்தம் உடல்களில் துப்பாக்கிக் காயங்கள் இருந்ததைக் காட்டிய நிழற்படங்கள் முறியடித்தன. அப்படங்களை எடுத்தவர் ‘சுடர் ஒளி’யின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அம்மாதம் 24ஆந் திகதி அந்நகரிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இது தேர்தற் செய்தியன்று. ஆயினும் நம் வினாவோடு நேரடியான தொடர்புடையது. உலகம் திருகோணமலையைப் பற்றி அறிந்துகொண்டது உள்ளூர்ச் செய்தியாளன் ஒருவனின் கண்களால்; அதற்கான விலையைச் செலுத்தியவனும் அவனே. 2018 ஜூனில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றியும், அதனைக் கட்டிய சீன நிறுவனத்திடமிருந்து 2015ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தற் பிரசாரத்துக்குப் பணம் சென்றதாகவும் எழுதியது. சம்பந்தப்பட்டோர் அதனை மறுத்தனர். மறுப்பது அவர்கள் உரிமை. ஆனால் கண்டனம் நியூயோர்க்கை நோக்கி மட்டும் செல்லவில்லை. அக்கட்டுரைக்கு உதவிய கொழும்புச் செய்தியாளர்கள் செய்தியாளர் மாநாடொன்றில் பெயர் சுட்டித் தாக்கப்பட்டனர். துறைமுகம் ஒன்று, அந்நிய மூலதனம் ஒன்று, தேர்தல் ஒன்று, அந்நியப் பத்திரிகை ஒன்று; நான்கும் கூடிய இடத்தில் கல்லெறி விழுந்தது உள்ளூர்த் தலைகளின் மேல்.

ஆகவே அயல் ஊடகத்தின் தலையீட்டைத் தடுப்போம் என்று அரசொன்று முழங்கும்போது அச்சட்டத்தின் முனை எவரை நோக்கியிருக்கிறது என்று பார்ப்பது விமர்சகனின் கடன். லண்டனிலும் வாஷிங்டனிலும் இருப்போரை அது தீண்டுவதில்லை. அவர்களோடு தொலைபேசியிற் பேசியவனையே அது தீண்டும்.

இதனால் அயல் ஊடகங்களுக்கு நாம் நற்சான்று வழங்குவதாகக் கொள்ளலாகாது. ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ வாக்களிக்குமாறு பிறநாட்டு மக்களைக் கேட்கும் உரிமை எந்த அயல் ஊடகத்துக்கும் இல்லை என்பதே எமது நிலைப்பாடு. இதற்குக் காரணம் தேசிய இறைமை என்னும் அருவமான கோட்பாடு மட்டுமன்று. தேர்தலின் விளைவைச் சுமக்கப் போகிறவர் மட்டுமே அதன் தீர்ப்பைக் கூறத் தகுதியுடையவர். இவ்வளவுகோலை நாம் நமக்கு நெருங்கியோர் மீதும் பிரயோகிக்க வேண்டும். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களிலிருந்து தமிழர் நடாத்தும் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் இணையத்தளங்களும் இன்று ஒவ்வொரு தேர்தலின்போதும் இங்குள்ளோர் எவ்வாறு வாக்களிக்க வேண்டும், வாக்களிக்க வேண்டுமா என்று அறிவுறுத்துகின்றன. மொழியாலும் உறவாலும் இவை நமக்கு அந்நியமல்ல. பலவற்றை நடாத்துவோர் இம்மண்ணிலிருந்து துரத்தப்பட்டோர். அவர்களது துயரம் மெய்யானது. எனினும் வாக்களிப்பின் மறுநாள் சோதனைச் சாவடியில் நிற்கப் போகிறவர் அவர்களல்லர். 2005 நவம்பர் 17ஆந் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.21 சதவீதத்தினரே வாக்களித்தனர். அப்பகிஷ்கரிப்பை நிலைநாட்டியது உள்நாட்டிலிருந்த ஆயுதபலம், அயல் ஊடகமன்று. திருகோணமலை மாவட்டத்தில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். நாடளாவிய நிலையில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடைப்பட்டது இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த வாக்குகள். அந்த முடிவைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளின் பாரத்தைச் சுமந்தது சம்பூரும் மூதூரும் வாகரையும். தொலைவிலிருந்து அந்தப் பகிஷ்கரிப்பை வாழ்த்தியோர் எவருடைய வீட்டுக் கூரையிலும் எறிகணை விழவில்லை. உறவு நெருக்கம் பேசும் உரிமையை அளிக்கலாம். கட்டளையிடும் உரிமையை அளிப்பதில்லை.

மறுபுறத்தில், ஊடகத்தின் செல்வாக்கை மிகைப்படுத்துவதும் ஒருவகைத் திசைதிருப்பலே. 1987ஆம் ஆண்டுக் கடிதம் ஒலிபரப்புக் கோபுரங்களைப் பற்றிக் கவலைப்பட்டது. அதே உடன்படிக்கையின் வழி உருவான வடகிழக்கு மாகாண சபைக்கு 1988 நவம்பர் 19ஆந் திகதி கிழக்கிலே தேர்தல் நடைபெற்றது. வடக்கில் போட்டியே இருக்கவில்லை. சபையின் தலைநகர் திருகோணமலை. அத்தேர்தல் நடந்தது இந்தியப் படையின் நிழலில். வானலையில் வரும் அந்நியச் சொல்லைக் கண்டு அஞ்சியோர், தெருவிலே துப்பாக்கியோடு நின்ற அந்நியப் படையின் முன்னிலையில் நடந்த தேர்தலைச் சனநாயகத்தின் மீட்சி என வருணித்தனர்!

கோபுரங்களுக்கு என்ன நேர்ந்தது? மீனவரின் எதிர்ப்புக்கிடையே மேற்குக் கரையில் இரணவிலவில் எழுப்பப்பட்ட ‘அமெரிக்காவின் குரல்’ நிலையம் 2016இல் மூடப்பட்டது. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. சிற்றலையின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. இன்று வாக்காளனை அணுக எவருக்கும் நிலமோ குத்தகையோ கடிதப் பரிமாற்றமோ தேவையில்லை. முகநூலில் விளம்பரம் வாங்கினாற் போதும். பழைய கோபுரம் எந்த ஊரில் நின்றது என்றாவது மக்கள் அறிந்திருந்தனர்.

திருகோணமலையிலிருந்த ஜெர்மனிய நிலையத்தின் வரலாறு இதனினும் விசித்திரமானது. அதன் தென்னாசிய ஒலிபரப்புகளில் முதன்மை பெற்றவை இந்தி, உருது, வங்காளம் ஆகிய மொழிகள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மாவட்டத்து வானத்திலிருந்து எழுந்த அக்குரல், கீழே வலை இழுத்துக்கொண்டிருந்தோரை நோக்கிப் பேசியதில்லை. 2013இன் தொடக்கத்தில் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. கூட்டுத்தாபனம் அதன் ஒலிபரப்பு நேரத்தை அயல்நாட்டு நிறுவனங்களுக்கே கட்டணத்துக்கு வழங்கலாயிற்று. எண்ணெய்த் தாங்கிகளும் அவ்வாறே: 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஒப்பந்தப்படி 99 தாங்கிகளில் 14 இந்திய நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரு தரப்பின் கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் கொழும்பிலும் புதுடில்லியிலும் விவாதிக்கப்பட்டன. சீனன்குடாவைச் சுற்றி வாழும் வாக்காளரிடம் இவ்விரண்டைப் பற்றியும் அவர்தம் மொழியில் எடுத்துரைத்த ஒலிபரப்பு எது என்று, உள்நாட்டு ஊடகம் அயல் ஊடகம் இரண்டினிடமும் நாம் கேட்கலாம்.